நாலு விரல் அகல வெளிச்சம்

பிரேமலா என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு சண்டையில்தான். இருபத்தைந்து வருடம் இருக்கும். என் நாத்தனார் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே தட்டு விழுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் நாத்தனார் மகன் காளிதாஸ் நடுவீட்டில் நிற்கிறான். இருபத்தாறு வயது, அப்போதுதான் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கு ஓட்டுநராகச் சேர்ந்திருந்தான்.

"கட்டுனா பிரேமலாவக் கட்டுவேன். இல்லாட்டி இந்த லாரியவே கட்டிக்கிட்டு இருந்துடுறேன், விடுங்க."

"யாருடா அவ? யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குற!" என்று நாத்தனார் கத்தினார்.

"செனாய் பேக்டரில வேலை செய்யுது. அப்பா பேரு அய்யாவு."

எனக்குத் திக்கென்றது. "எந்த அய்யாவு? ஒரு காது கேக்காதே, ரப்பர் மரம் வெட்டப் போறப்ப சைக்கிள் மணியே அடிக்க மாட்டாரே, அந்த அய்யாவா?" என்று கேட்டேன்.

"ஆமா அத்தை, அவருதான்."

அந்த அய்யாவு யார் தெரியுமா? என் மாமியாருக்குத் தங்கச்சி மகன். அப்படியென்றால் நாத்தனாருக்குத் தம்பி முறை. தம்பி மகள் தன் மகனுக்கு முறைப்பெண் இல்லாமல் வேறென்ன? நான் இதை எடுத்துச் சொன்னதும் நாத்தனார் கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முறைப்பெண் என்று தெரியாமலேயே இவன் போய் முறைப்பெண்ணையே பிடித்து வந்திருக்கிறான். சண்டை அதோடு முடிந்தது. கல்யாணமும் நடந்தது. அதனால் இன்றுவரை காளிதாஸ் என்னை அத்தை என்பான், பிரேமலா பெரியம்மா என்பாள். புதிதாகக் கேட்கிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

பிரேமலா மலேசியாவில், ஜொகூர் பக்கம், எங்கள் சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பு நின்றது. பதினேழு வயதில் பேக்டரி பஸ் ஏறினாள். செனாயில் கம்ப்யூட்டர் பூட்டுகிற பேக்டரி. அவள் வரிசையில் ஒரு மெஷினுக்கு முப்பத்திரண்டு திருகு. முப்பத்திரண்டையும் அவள் முடுக்கி அனுப்பினால்தான் அடுத்த பெண் அட்டைப்பெட்டியில் போடுவாள். பத்தொன்பது வருடம் அதையே செய்தாள். பிறகு ஒரு நாள் பேக்டரியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதம் வீட்டில் சும்மா இருந்தாள். சும்மா இருக்கத் தெரியாதவள். எங்கள் ஊர்ச் சங்கம் நடத்துகிற பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட, பால் ஆற்றிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனாள். பத்து வருடத்துக்கு மேல் அங்கே உதவியாளராக இருந்தாள். பெயர்தான் உதவியாளர். ஐந்து வயது வகுப்புக்கு வந்த ஆசிரியைகள் ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், ஒருத்தி சிங்கப்பூர் போனாள், ஒருத்தி இரண்டு மாதத்தில் காணாமல் போனாள். நடுவில் எல்லாம் எழுத்து சொல்லிக்கொடுத்தது இவள்தான். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பலகையில் 'அம்மா' எழுதுவாள். ஆனால் வகுப்பு அவள் பெயரில் இல்லை.

சங்கத் தலைவர் தங்கராஜு ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "பிரேமலா, ஒன்னைக் கொற சொல்ல எங்களுக்கு வாயில்ல. ஆனா கல்வி இலாகாவுல சர்ட்டிபிகேட் கேக்குறாங்க. நாலு வருசத்துல டிப்ளோமா எடுத்துட்டா அந்த வகுப்ப ஒனக்கே குடுக்கலாம். இல்லன்னா நாங்க வேற ஆளத்தான் பாக்கணும். அப்ப உதவியாளர் வேலையும் இருக்காது, சொல்லிட்டேன்."

நாற்பத்து நாலு வயதில் டிப்ளோமா. சனி ஞாயிறில் படிக்கிற பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். நாலு வருடம். அதற்காகத்தான் முதல் லேப்டாப் வாங்கினாள். கடைத்தெருவில் போன், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற செல்லப்பனிடம் பழையது ஒன்று. கனம் என்றால் அப்படிக் கனம். இரண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையாக இருக்கும். டிவி வயர், பென்டிரைவ், மவுஸ், எல்லாவற்றுக்கும் ஓர் ஓட்டை. பாட்டரி வீங்கினால் அடியில் ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். ஒரு தடவை குடிக்கிற மைலோவை அதன் மேல் கொட்டிவிட்டாள். கவிழ்த்து வைத்து, தானே திருகைக் கழற்றி, காயவைத்து, மறுநாள் பரீட்சைக்குப் படித்தாள்.

"திருகு இருந்தா பயமில்ல பெரியம்மா. கழட்டிப் பாத்துடலாம்" என்பாள்.

கடைசித் தாள் ஒன்றுதான் பாக்கி என்றிருந்தபோதுதான் அவள் தம்பி செல்வா வந்தான். சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருக்கிறான். அக்காள் மேல் உயிர். அவள் பேக்டரிச் சம்பளத்தில்தான் படித்தவன், அதை மறந்தவனில்லை. அக்காள் அந்தக் கனத்த லேப்டாப்பைப் பையில் போட்டுத் தோள் சாய்ந்து நடப்பதைப் பார்த்தான், கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரமே ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்து நின்றான்.

பெட்டியைத் திறந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இரண்டு வீடுதான். வெள்ளி நிறத்தில் ஒரு தகடு. அவ்வளவுதான். நான் அதை மூடி என்று நினைத்து, மெஷின் எங்கே என்று தேடினேன்.

"இதாடா மெஷினு?" என்றான் காளிதாஸ். "வெத்தலை மாதிரி இருக்கு. மடிச்சு வாயில போட்டுக்கலாம் போல!"

"மாமா, உலகத்துலயே மெல்லிசு இதுதான். ஒரு கிலோ கூட இல்ல."

"என் சோத்து டப்பாவே ஒன்றரைக் கிலோ வரும் மாப்ள."

அதன் விலையை செல்வா மெதுவாகச் சொன்னான். காளிதாஸ் உட்கார்ந்துவிட்டான். அந்தக் காசுக்கு இரண்டு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம், ஹெல்மெட்டோடு.

பிரேமலா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். இடது பக்கம் சின்னதாக இரண்டு ஓட்டை. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

"தம்பி, பென்டிரைவ எங்க சொருவுறது? என் நோட்ஸெல்லாம் அதுலதான்டா இருக்கு."

"எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுடலாம்க்கா."

"டிவில மாட்டிப் பாக்குற வயரு?"

"அதுக்குத் தனியா ஒரு அடாப்டர் இருக்கு. அப்புறம் வாங்கிக்கலாம் லா."

"அடியில திருகே காணோமேடா."

"இப்ப யாருக்கா திருகுல்லாம் வெக்கிறா?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே பழைய லேப்டாப்பைத் தூக்கித் தன் காரில் போட்டான். புது மெஷின் வாங்கிய கடையில் பழையதைக் கொடுத்தால் விலையில் கழிவு தருவார்களாம். பிரேமலா கேட் வரைக்கும் பின்னாலேயே போனாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? தம்பி ஆசையாக வாங்கி வந்திருக்கிறானே.

அந்த மெல்லிசு மெஷினோடு அவள் பட்டது கொஞ்சமில்லை. மடியில் வைத்தால் தொடை சுட்டது. எழுத்தைத் தட்டினால் தட்டிய மாதிரியே விரலுக்குத் தெரியவில்லை, ஒரு எழுத்தை இரண்டு தடவை தட்டினாள். இருந்தாலும் பழகிக்கொண்டாள். கடைசித் தாளை வீட்டிலிருந்தே எழுதலாம் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. மெஷினில் இருக்கிற கேமரா வழியாக அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எந்த மெஷினில் எழுதப்போகிறோம் என்று ஒரு வாரம் முன்பே பதிய வேண்டும். பதிந்த பிறகு மாற்ற முடியாது. இவள் இதைத்தான் பதிந்தாள்.

பரீட்சை வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அன்றைக்கு விஜயதசமி. முதல் நாள் புதன்கிழமை சரஸ்வதி பூசை.

எங்கள் பக்கம் சரஸ்வதி பூசை என்றால் புத்தகம், தொழில் சாமான் எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்குவோம். அடுக்கிப் பூசை செய்தபிறகு மறுநாள் காலை வரை தொடக்கூடாது. படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. நாலு வருடமும் பழைய லேப்டாப் அந்த அடுக்கில்தான் இருந்தது. பிரேமலா அதைத் திறந்து வைப்பாள், காளிதாஸ் சந்தனம் குங்குமம் வைப்பான், மூடி அதன் மேல் புத்தகத்தை அடுக்குவார்கள். நாலு வருடமும் ஒரு கீறல் இல்லை.

இந்தத் தடவை காளிதாஸ் காலையிலேயே லாரியைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசை போட்டு வந்தான். பண்டாரம் கொடுத்த விபூதி, குங்குமம், மஞ்சள் அரிசி எல்லாம் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் இருந்தது. சாயந்திரம் வீட்டுப் பூசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, இடது பக்க மூலையில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தான். அதன் நடுவில் குங்குமம். சூடம் காட்டியதும் நாங்கள் எல்லாரும் மஞ்சள் அரிசியைத் தூவினோம். நானும்தான் தூவினேன்.

"லாரிக்கு வெச்ச அதே பொட்டு" என்றான். "என் லாரி பதினெட்டு வருசமா கவுறல. ஓம் பரிச்சயும் கவுறாது."

"பரிச்சையும் லாரியும் ஒன்னாங்க?" என்று பிரேமலா சிரித்தாள். அரிசியைக் கையால் தட்டிவிட்டு மெஷினை மூடினாள். அதன் மேல் ஆறு பாடப் புத்தகம். எல்லாம் தலகாணி கனம். அதற்கு மேல் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் வருகைப் பதிவேடு.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சாமிக்குப் பால் வைத்து, அவல் வைத்து, புத்தகத்தை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியில் மெஷினை எடுத்துத் திறந்தாள்.

அவள் கத்தவில்லை. "பெரியம்மா" என்றாள், அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டு உதவிக்கு வந்து அடுப்படியில் இருந்த நான் கையிலிருந்த அவலை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

கண்ணாடித் திரையின் இடது பக்கம் சிலந்தி வலை மாதிரி வெடித்திருந்தது. வலைக்கு நடுவில் ஒரு புள்ளி. புள்ளிக்கு நேர் கீழே, இரண்டு எழுத்துக்கட்டைக்கு நடுவில், இறுகிச் சிக்கிக்கொண்ட ஒரே ஒரு மஞ்சள் அரிசி. பக்கத்தில் காய்ந்துபோன சந்தனம், கல் மாதிரி. பொத்தானை அமுக்கினாள். பாட்டுச் சத்தத்தோடு மெஷினுக்கு உயிர் வந்தது. ஆனால் திரையெல்லாம் கறுப்பு. வலது ஓரத்தில் மட்டும், மேலிருந்து கீழாக, நாலு விரல் அகலத்துக்கு வெளிச்சம்.

அரிசி! சோற்றுக்குப் போடுகிற அரிசி! அது உடைக்குமா ஒரு மெஷினை?

காளிதாஸ் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு வந்து பார்த்தான். "அலமாக்!" என்று மலாயில் பதறினான். தன் கைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

துண்டைச் சுற்றிக்கொண்டு லேப்டாப்போடு செல்லப்பன் வீட்டுக்கு ஓடினான். கடை திறக்க நேரமிருக்கிறது, வீட்டிலேயே பிடித்தான். திரும்பி வந்தபோது செல்லப்பனும் கூடவே வந்தார். மெஷினைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னக்கா இது? முப்பது வருசமா மெஷின் தொறக்குறேன். இத எங்க தொறக்குறது? எல்லாம் பசை போட்டு ஒட்டிருக்கான் லா. சூடு காட்டி எடுத்தா பாட்டரி வெடிக்கும்."

"தொறக்க வேணாம் செல்லப்பா. டிவில மாட்டிக் குடு. அது போதும்."

"எந்த ஓட்டைல மாட்ட? ரெண்டே ரெண்டு ஓட்டை. அதுக்கு அடாப்டர் வேணும். எங்கிட்ட இல்ல. பக்கத்து டவுன் ஆயர் ஈத்தாம்ல ஒரு கடைல இருக்கும், பத்து மணிக்குத்தான் தொறப்பான்."

"வேற லேப்டாப் தாரியா?"

"தாரேன்க்கா, இப்பவே தாரேன்" என்றார். அப்புறம்தான் பிரேமலாவுக்கே ஞாபகம் வந்தது. பதிந்த மெஷினைத் தவிர வேறெதிலும் பரீட்சை திறக்காது. பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். எட்டரை மணிக்குத்தான் ஆள் வருவார்கள் என்று ஒரு குரல் மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தது. எட்டரைக்குப் போட்டால் வரிசையில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். எட்டு ஐம்பது வரை பாட்டுதான்.

எட்டு ஐம்பதுக்குப் பிரேமலா போனை வைத்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"எல்லாரும் வெளிய போங்க. நான் எழுதுறேன்."

"எதுல எழுதுவ?" என்றான் காளிதாஸ்.

"நாலு விரல் இருக்குல்ல."

மூன்று மணி நேரம் எழுதினாள். எப்படி எழுதினாள் என்று பிறகு சொன்னாள். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் இங்கும் அங்கும் நகருமாம். இரண்டு விரலால் தள்ளித் தள்ளி, ஒரு வரியை மூன்று சொல் மூன்று சொல்லாக அந்த வெளிச்சத்துக்குள் இழுத்து வந்து படித்திருக்கிறாள். பதிலைத் தட்டும்போது என்ன விழுகிறது என்று தெரியாது. தட்டி முடித்து, இழுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி தட்டி. பதினோரு மணிக்கு நாலு விரல் மூன்று விரலாகச் சுருங்கிவிட்டதாம். நல்ல வேளை, அனுப்புகிற பொத்தான் வலது மூலையில் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது கழுத்து ஒரு பக்கமாகவே நின்றது. நான் தைலம் தேய்த்துவிட்டேன். "எழுதிட்டேன் பெரியம்மா" என்றாள். எங்களுக்குப் போன உயிர் வந்தது, உடைந்ததைப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் காளிதாஸும் அவளும் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் இருக்கிற ரிப்பேர்க் கடைக்கு மெஷினைக் கொண்டுபோனார்கள். அங்கே கவுண்டரில் இருந்த இளைஞன் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, திரையை மட்டும் மாற்ற முடியாது, மேல் மூடி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றானாம். விலை, புது மெஷினில் பாதிக்கு மேல். உத்தரவாதத்தில் வராதா என்று கேட்டால், உள்ளே வேறு பொருள் இருந்ததால் வராது என்றான்.

"பொருளா? அது அரிசிப்பா!" என்று காளிதாஸ் கத்தியிருக்கிறான். "ஒத்த அரிசி! அரிசி தாங்காத சாமானுக்கு இம்புட்டு வெலையா?"

"அங்கிள், மெல்லிசா செய்யறதால மூடினா நடுவுல இடமே இருக்காது. ஒரு பேப்பர் கூட வெக்கக்கூடாது."

வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொன்னபோதும் காளிதாஸ் நம்பாத முகத்தோடுதான் இருந்தான். கடையிலிருந்து கூப்பிட்டதும் செல்வா போனிலேயே, நான் கட்டுகிறேன், செய்யச் சொல்லுங்கள் என்றான். கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஒரு வாரம் போயிற்று. தீபாவளியும் போயிற்று. கூடப் படித்த மற்றவர்களுக்கெல்லாம் மதிப்பெண் வந்துவிட்டது, இவளுக்கு வரவில்லை. மெஷினும் வரவில்லை, மூடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். நவம்பர் நடுவில் ஒரு கடிதம் வந்தது. பிரேமலா படித்தாள். என்னிடம் நீட்டினாள். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் காளிதாஸ் பிடுங்கிப் படித்தான்.

தேர்வில் முறைகேடு செய்ததாகச் சந்தேகம். மூன்று மணி நேரத்தில் இருநூற்றுப் பதினோரு முறை திரைக்கு நேராகப் பார்க்காமல், ஒரு பக்கமாகத் திரும்பி எதையோ பார்த்திருக்கிறார். ஒளித்துவைத்த குறிப்பைப் பார்த்து எழுதியதாகத் தெரிகிறது. இம்மாதம் இருபத்தாறாம் தேதி விசாரணைக்கு வரவும்.

பார்த்து எழுதினாளாம். இவளா? பாலர் பள்ளியில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளை படத்தைப் பார்த்து வண்ணம் அடித்தால்கூட, "நீயே யோசி கண்ணு" என்று நாற்காலியைத் திருப்பிப் போடுகிறவளா?

ஊரில் இது எப்படிப் பரவியது என்று தெரியாது. தங்கராஜு வீட்டுக்கே வந்துவிட்டார். காப்பி கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"மாசக் கடைசில நாங்க பேரு குடுத்தாகணும், பிரேமலா. ஜனவரில பள்ளிக்கூடம். காப்பி அடிச்ச கேஸுன்னு ஆயிடுச்சுன்னா உதவியாளராக்கூட வெக்க முடியாது. பெத்தவங்க கேப்பாங்க."

"அண்ணே, நான் அடிக்கல."

"நீ அடிக்கலன்னு எனக்குத் தெரியும். கடுதாசில அப்படி எழுதல."

அவர் போனபிறகு பிரேமலா திடீரென்று எழுந்தாள். "என்னாங்க, மெஷின்! ஒடஞ்ச மூடிய மாத்திட்டாங்கன்னா நான் எதக் காட்டுறது?"

காளிதாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. ரிப்பேர்க் கடைக்குப் போன் போட்டால், மூடி நேற்றே வந்துவிட்டது, இன்றைக்குச் செய்வோம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள், மறுபடி போட்டால் யாரும் எடுக்கவில்லை. அன்றைக்குக் குலை ஏற்றுகிற நாள். காளிதாஸ் முதலாளியிடம் என்ன சொன்னானோ, காலி லாரியையே நெடுஞ்சாலையில் விட்டான். பிரேமலா பக்கத்தில். பேரங்காடிக் கார் நிறுத்துமிடத்தில் லாரியை விடமாட்டார்கள், ரோட்டோரம் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். கவுண்டர் இளைஞன் மேசையில் மெஷினை வைத்து சூடு காட்ட ஆரம்பிக்கிற நேரம்.

"செய்யாதீங்க, குடுங்க, அப்படியே குடுங்க!" என்றாளாம் பிரேமலா.

"இன்னும் செய்யவே இல்ல ஆன்ட்டி. ஒடஞ்சுதான் இருக்கு."

"ஒடஞ்சதுதான் வேணும்!"

அவன் வேலை செய்கிற காலத்தில் உடைந்ததைக் கேட்டு யாரும் அழுததில்லை போலிருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிட்டான். குளிக்கிற துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அரிசியும் சந்தனமும்கூட அப்படியே இருந்தன.

இருபத்தாறாம் தேதி நானும் போனேன். வயசானவள் என்று பின்வரிசையில் காளிதாஸ் பக்கத்தில் உட்கார விட்டார்கள். முன்னால் மூன்று பேர். நடுவில் தலைவியாக ஒரு மலாய்க்கார அம்மா, மரியாதைக்கு எல்லாரும் புவான் என்றார்கள், பேச்சு எல்லாம் மலாயில்தான். நீங்கள் ஏன் நேராகப் பார்க்கவில்லை என்று கேட்டார். திரை உடைந்திருந்தது, ஓரத்தில்தான் வெளிச்சம் இருந்தது, அங்கேதான் பார்க்க முடிந்தது என்றாள் பிரேமலா. துண்டைப் பிரித்து மெஷினை மேசையில் வைத்தாள். திறந்தாள். பொத்தானை அமுக்கினாள்.

பாட்டுச் சத்தம் வந்தது. திரையில் ஒன்றுமே வரவில்லை. நாலு விரலும் இல்லை, மூன்று விரலும் இல்லை. முழுக்கக் கறுப்பு.

என் கை காளிதாஸ் கையைப் பிடித்துக்கொண்டது.

"இதில் எதுவுமே தெரியவில்லையே" என்றார் அந்த அம்மா. "இதில் எப்படி எழுதியிருக்க முடியும்? இது எப்போது உடைந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்று காலையிலேயே நாங்களும் செல்லப்பனும் பார்த்தோம் என்று பிரேமலா சொன்னாள், வேண்டியவர்கள் சாட்சியை எடுக்க முடியாது என்றார்கள். பக்கத்திலிருந்த ஆள், முதலில் பதிவைப் பார்த்துவிடலாம் என்று சுவரில் படத்தைப் போட்டார். சுவர் நிறையப் பிரேமலாவின் முகம். கழுத்தை ஒடித்து, ஒரு பக்கமாகவே வெறித்துப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு. அவள் தன் முகத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. எங்களுக்கே பார்க்கத் திருட்டு முகமாகத்தான் தெரிந்தது.

"பாருங்கள்" என்றார் அந்த ஆள். "எதைப் பார்க்கிறார்?"

பிரேமலா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "புவான், படத்த நிறுத்துங்க. என் மூக்குக் கண்ணாடியப் பாருங்க."

நிறுத்தினார்கள். பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினார்கள். கண்ணாடி இரண்டிலும், ஓரமாக, நெட்டுக்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு. மெல்லிசாக, குச்சி மாதிரி. மற்ற இடமெல்லாம் இருட்டு. முழுத் திரை எரிந்திருந்தால் கண்ணாடியில் சதுரமாக அல்லவா விழும்? அந்த ஆளின் கண்ணாடியிலேயே அவருடைய மெஷின் சதுரமாக விழுந்துகொண்டிருந்தது. தலைவி திரும்பி அதைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்" என்றார். தள்ளினார்கள். கோடு இன்னும் மெல்லிசாகியிருந்தது.

அந்த அம்மா எழுந்து வந்து உடைந்த மெஷினைக் குனிந்து பார்த்தார். "இது என்ன?" என்று மஞ்சள் அரிசியைக் காட்டினார்.

"அரிசி, புவான். பூசை செஞ்சோம்."

"இந்த அரிசியா உடைத்தது?" அவர் மூடியைப் பாதி மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். "யா அல்லா. என் மகளும் இதே மாதிரிதான் வைத்திருக்கிறாள்" என்றார். முகம் மாறிவிட்டது.

முடிவு கடிதமாக வீட்டுக்கு வரும், இரண்டு வாரமாகும் என்றார்கள். பிரேமலா நகரவில்லை. மாதக் கடைசிக்குள் வேண்டும், இல்லாவிட்டால் என் வகுப்பு போய்விடும், நூற்று நாற்பத்தேழு பிள்ளைகளுக்கு நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒன்றுகூட இன்னொன்றைப் பார்த்து எழுதியதில்லை என்றாள். அழாமல்தான் சொன்னாள். தலைவி அங்கேயே உட்கார்ந்து ஒரு தாளில் நாலு வரி தட்டச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார். முறைகேடு இல்லை. தேர்ச்சி.

நேராகத் தங்கராஜு வீட்டுக்குத்தான் போனோம். அவர் வாசலில் நின்றே படித்தார். இரண்டு தடவை படித்தார். "அரிசியா?" என்றார். "ஆமாண்ணே" என்றாள். அவர் உள்ளே போய்ப் பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து, அவள் கண் முன்னாலேயே எழுதினார்.

செல்வா வேறு மெஷின் வாங்கித் தருகிறேன் என்று இன்னும் போன் போட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவள் செல்லப்பனிடம் ஒரு பழைய தடிமன் லேப்டாப்பைப் பிடித்துவிட்டாள், திருகு வைத்துப் பூட்டிக் கழற்றுகிற மாதிரி.

ஜனவரியிலிருந்து பிரேமலா சிம்பாங் ரெங்கம் சங்கப் பாலர் பள்ளியில் ஐந்து வயது வகுப்புக்கு ஆசிரியையாக இருக்கிறாள். இந்த வருடம் அவள் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள்.